ஐம்பதாயிரம் அடிப் பயணம்

ஐம்பதாயிரம் அடி பிலிம் என்றால் ஏறத்தாழப் பதினைந்து கிலோமீட்டர். திருப்பதி ஸ்டேஷனில் ஒரு நுனியைக் கட்டிவிட்டு விரித்துக்கொண்டே போனால், ரேணிகுண்டா ஜங்ஷனைத் தொட்டுவிட்டுப் பாதி வழி திரும்பியும் வரலாம். ப்ரொஜக்டரில் மாட்டி ஓட்டினால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். 1930களின் கடைசியில், செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ஓர் இளைஞர் இவ்வளவு நீளச் சுருளையும் நாடு நாடாகத் தேடிச் சேர்த்தார். எல்லாம் ஒரே மனிதரைப் பற்றிய படங்கள். எடுத்தவர்களோ ஏறத்தாழ நூறு பேர். எடுத்து முடிக்க முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த மனிதர் காந்தி. தேடியவர் ஏ.கே. செட்டியார். அவர் சேர்த்த சுருள்கள் எங்கே பிறந்தன, எந்த வழியாக வந்தன, என்னவாக உருமாறின, எங்கே மறைந்தன என்பதுதான் இந்தக் கதை.

நியூஸ்ரீல் என்ற சரக்குக்கு ஆயுள் மிகக் குறைவு. பிரிட்டனில் பாதே நிறுவனம் 1910இல் செய்திப் படங்களைத் திரையிடத் தொடங்கியது. பிறகு கோமான்ட், பாரமவுண்ட், யுனிவர்சல், மூவிடோன் என்று போட்டி பெருகியது. வாரம் ஒருமுறையோ இருமுறையோ புதிய இதழ் வரும். கப்பல் வெள்ளோட்டம், குதிரைப் பந்தயம், மன்னரின் ஊர்வலம், எங்கோ ஒரு கலவரம் எல்லாம் பத்து நிமிடத்துக்குள் ஓடி முடியும். அடுத்த இதழ் வந்ததும் முந்தையது பழைய செய்தித்தாள் ஆகிவிடும். மீண்டும் விற்கலாம் என்று தோன்றிய துண்டுகளை மட்டும் நிறுவனங்கள் கிடங்கில் வைத்தன. மற்றவற்றை வெள்ளிக்காக உருக்கினார்கள், அல்லது வீசினார்கள்.

அந்தக் கால பிலிம் நைட்ரேட் பிலிம். வெடிமருந்துக்கு உறவான பொருள். ஒருமுறை பற்றிக்கொண்டால் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். தண்ணீரில் முக்கினாலும் அணையாது. வெயிலும் புழுக்கமும் பட்டால் பிசுபிசுத்து, தேன் நிறமாகி, கடைசியில் பழுப்புத் தூளாக உதிரும். படம் எடுக்க அலைந்தவர்கள் இப்படிப்பட்ட பெட்டிகளைத்தான் கப்பலிலும் ரயிலிலும் சுமந்து திரிந்தார்கள்.

காந்தியின் சுருள்கள் இந்த விதிக்குள்தான் பிறந்தன. 1930 மார்ச் 12 அன்று அவர் தண்டிக்குக் கிளம்பியபோது உள்நாட்டுக் கம்பெனிகளின் கேமராக்களும் பின்தொடர்ந்தன. எடுத்த படங்கள் திரைக்கு வந்ததும் பம்பாய் அரசு தடை போட்டது. 1931 ஏப்ரலில் பாக்ஸ் மூவிடோன் கேமரா குஜராத்தின் போர்சாதுக்குப் போய், ஒலியோடு அவரிடம் பேட்டி எடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வட்ட மேசை மாநாட்டுக்கு லண்டன் போனார். கிழக்கு லண்டனில் சேரிப் பிள்ளைகளோடும், லங்காஷயரில் அவருடைய கதர் இயக்கத்தால் வேலையிழந்த மில் தொழிலாளிகளோடும் நின்ற காட்சிகள் பதிவாயின. திரும்பும் வழியில் பாரிஸ், வில்நவ், ரோம் என்று இறங்கிய இடமெல்லாம் கேமராக்காரர்கள் காத்திருந்தார்கள்.

இதன் விளைவு விந்தையானது. ஓர் இந்தியரின் வாழ்க்கை லண்டனிலும் பாரிஸிலும் நியூயார்க்கிலும் துண்டு துண்டாகக் கிடங்குகளில் கிடந்தது. இந்தியாவில் மட்டும் அதைப் பார்க்க வழியில்லை. தடை ஒரு காரணம். படத்தின் உரிமை வெளிநாட்டு நிறுவனங்களிடம் இருந்தது மற்றொரு காரணம். காந்திக்கோ சினிமாவில் நாட்டமே கிடையாது. படம் எடுக்கிறவர்களுக்காக நின்று கொடுப்பதும் அவருக்குப் பிடிக்காது.

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பலில் செட்டியார் இருந்தார். வயது இருபத்தைந்து. ரங்கூனிலிருந்து வந்த 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர்; டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். அன்று காந்தி பிறந்த நாள். அட்லாண்டிக் நடுவில்தான் அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது. காந்தியை வைத்து நடிகர்களைக் கொண்டு கதைப்படம் எடுக்க வேண்டாம். ஏற்கெனவே உலகமெங்கும் எடுக்கப்பட்டுக் கிடக்கும் படங்களைத் தேடிப் பிடித்து ஒரே வரலாறாகக் கோக்க வேண்டும்.

அன்றைய இந்தியாவில் யாருக்கும் தோன்றாத யோசனை இது. ஆவணப்படம் என்பதே இங்கு அரிதாக இருந்த காலம். பழைய நியூஸ்ரீலுக்கு இரண்டாம் வாழ்வு கொடுத்து ஒரு முழுநீளப் படம் செய்யலாம் என்பது ஐரோப்பாவிலேயே புதிது. செட்டியாரிடம் ஸ்டூடியோவும் இல்லை, பெரிய மூலதனமும் இல்லை. பர்மா, மலேயா என்று கடல் தாண்டிக் கடை வைத்திருந்த நகரத்தார் தொடர்பு இருந்தது. எந்த ஊரிலும் இறங்கி விசாரிக்கும் துணிச்சல் இருந்தது. 'டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்' என்று ஒரு கம்பெனியைத் தொடங்கிவிட்டுப் புறப்பட்டார்.

அந்த அலைச்சலைக் கூட்டிப் பார்த்தால் லட்சம் மைல் ஆகும். இங்கிலாந்து, ஐரோப்பிய நாடுகள், தென்னாப்பிரிக்கா என்று போனார். நியூஸ்ரீல் கம்பெனிகளின் கிடங்குகளில் பட்டியல் புரட்டினார். காந்தியோடு பழகியவர்களைத் தேடிப் போனார். எந்தத் தேதியில் எந்தக் கேமரா எங்கே நின்றது என்று துப்புத் துலக்குவதுதான் பாதி வேலை. கிடைத்ததை அடிக்கணக்கில் விலை பேசி, பிரதி எடுத்து, தகர டப்பாவில் அடைத்து அனுப்ப வேண்டும். இந்தியாவில் புதிதாக எடுக்க வேண்டிய காட்சிகளுக்கு டாக்டர் பி.வி. பதி துணை நின்றார். பாரிஸில் படித்துத் திரும்பியவர், நாட்டின் முன்னோடிச் செய்திப்படக் கேமராக்காரர்களில் ஒருவர்.

இதையெல்லாம் செட்டியார் பிற்பாடு தாம் நடத்திய 'குமரி மலர்' இதழில் எழுதினார். அலைந்த கதையைச் சொல்லும்போதும் தன்னை ஒரு மூலையில்தான் நிறுத்திக்கொள்வார். உதவியவர்களின் பெயர்கள்தான் பக்கம் நிறைய இருக்கும். அந்த எழுத்து இல்லாவிட்டால் இந்தச் சுருள்களின் பூர்வீகம் நமக்குத் தெரிந்திருக்காது.

உலகப் போர் 1939 செப்டம்பரில் மூண்டது. ஓராண்டு தாமதித்திருந்தால் இந்த வேட்டையே நடந்திருக்காது. கப்பல் போக்குவரத்து குலைந்தது. லண்டன் மேல் குண்டு விழுந்தது. பிலிம் ஒவ்வோர் அடியும் ராணுவத் தேவைக்கென்று கணக்கிடப்பட்டது. செட்டியாரின் டப்பாக்கள் கதவு அடைபடும் நேரத்தில் உள்ளே நுழைந்தவை.

சேர்ந்த ஐம்பதாயிரம் அடியிலிருந்து வெட்டி ஒட்டி, பன்னிரண்டாயிரம் அடிப் படம் உருவானது. ஏறக்குறைய இரண்டே கால் மணி நேரம். வெட்டுவது எளிய வேலை அல்ல. பேசாப்பட காலத்துச் சுருள்கள் நொடிக்குப் பதினாறு, பதினெட்டு பிரேம் வேகத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றை நொடிக்கு இருபத்துநான்கு பிரேம் ஓடும் பேசும்பட ப்ரொஜக்டரில் போட்டால் எல்லாரும் துள்ளித் துள்ளி ஓடுவார்கள். காந்தியின் நடை வேகம் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு உண்மையில் எந்திரத்தின் வேகம்.

1940 ஆகஸ்ட் 23 அன்று தமிழ் விளக்கவுரையோடு சென்னையில் படம் வெளியானது. டி.கே. பட்டம்மாள் அதில் பாடியிருந்தார். விரைவிலேயே தெலுங்கு விளக்கவுரையோடும் ஒரு வடிவம் வந்தது.

இங்கே சித்தூர் ஜில்லாவைப் பார்க்க வேண்டும். 1911இல் உருவான அந்த ஜில்லா அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. திருத்தணியும் அதற்குள்தான் இருந்தது. நகரி, புத்தூர், குப்பம் பக்கத்தில் வீட்டில் ஒரு மொழியும் கடைத்தெருவில் ஒரு மொழியும் பேசுவது இன்றைக்கும் வழக்கம். மேடை நாடகத்துக்குப் பேர்போன ஊர் சித்தூர். அங்கே ராம விலாச சபையில் நடித்துத்தான் நாகையா 'சித்தூர் நாகையா' ஆனார். தமிழ்ப் படத்திலும் தெலுங்குப் படத்திலும் நடித்த அவரை இரு மொழிக்காரர்களும் சொந்தக்காரராகவே பார்த்தார்கள். காந்தி படத்தின் இரண்டு குரல்களும் ஒரே தெருவில் புரியக்கூடிய நிலம் அது.

படப்பெட்டிகளின் பாதையும் அந்த வழிதான். பம்பாயில் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கு சென்னைக்கு வரும் ரயில் பாதை குந்தக்கல், கடப்பை, ரேணிகுண்டா, புத்தூர், திருத்தணி, அரக்கோணம் என்று வரும். திருப்பதி மலையைப் பார்த்தபடி கடந்து போன சரக்குப் பெட்டிகளில் ஹாலிவுட் படமும் லண்டன் நியூஸ்ரீலும் வந்துகொண்டே இருந்தன. ஊருக்குள் வருவதற்கு மட்டும் ஒரு சுற்று இருந்தது. பட்டணத்துக்குப் போய், விநியோகஸ்தர் ஆபீஸில் இறங்கி, பல ஊர் ஓடித் தேய்ந்து, கீறல் விழுந்த பிறகுதான் டூரிங் டாக்கீஸ் கொட்டகைக்கு வரும்.

படம் வெளியாகி இரண்டு மாதம் ஆவதற்குள், 1940 அக்டோபரில் காந்தி தனிநபர் சத்தியாக்கிரகத்தை அறிவித்தார். 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு'. திருச்சானூரில் பிறந்து சித்தூரில் வக்கீலாக இருந்த எம். அனந்தசயனம் அய்யங்கார் போன்றவர்கள் சிறைக்குப் போனார்கள். காந்தியும் சிறையில் இருந்தார். அவர் பெயரைச் சொல்வதே குற்றமாகிவிட்ட நாளில் அவரைப் பற்றிய படத்தை எந்தக் கொட்டகைக்காரர் துணிந்து போடுவார்? படம் திரையிலிருந்து ஒதுங்கியது.

திரை காலியாக இருக்கவில்லை. அரசே கேமரா தூக்கியது. 1943இல் 'இன்பர்மேஷன் பிலிம்ஸ் ஆப் இந்தியா' என்ற அமைப்பு வந்தது. அதோடு 'இந்தியன் நியூஸ் பரேட்' என்ற வாரச் செய்திச் சுருள். ஆங்கிலம், இந்துஸ்தானி, வங்காளம், தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளில் அதற்கு விளக்கவுரை பேசினார்கள். வட ஆப்பிரிக்காவில் இந்திய சிப்பாய்கள், பர்மா எல்லையில் லாரிகள், ஆலையில் குண்டு செய்யும் பெண்கள், போர்ப் பத்திரம் வாங்கும் ஜமீன்தார்கள் என்று வாரம் தவறாமல் வந்தது. ஜனங்கள் தாமாகப் பார்க்கமாட்டார்கள் என்று அரசுக்குத் தெரியும். அதனால் இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 44ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு காட்சியிலும் அரசு அங்கீகரித்த படம் இரண்டாயிரம் அடி ஓட்டியே ஆக வேண்டும். இருபத்திரண்டு நிமிடம். அதற்கு வாடகையும் கொட்டகைக்காரர்தான் கட்ட வேண்டும்.

1944 ஏப்ரல் 10 அன்று, சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் திருமலைக்கு முதல் மலைப்பாதையைத் திறந்துவைத்தார். அதுவரை நடந்தோ டோலியிலோதான் ஏறினார்கள். மலை மேல் மோட்டார் போகத் தொடங்கிய அந்தக் கோடையில், மலைக்குக் கீழே எந்தக் கொட்டகையில் டிக்கெட் வாங்கினாலும் போர்ச் சுருளைப் பார்த்துவிட்டுத்தான் படத்தைப் பார்க்க முடியும். வெளியே பீடி பிடித்துவிட்டு மெயின் படத்துக்கு உள்ளே வரும் பழக்கம் அந்தக் காலத்தில் ஊன்றியது. காந்தி படத்துக்குத் திரை இல்லாமல் போன அதே ஆண்டுகளில், பார்க்க ஆளில்லாத படத்துக்குச் சட்டமே திரை பிடித்துக் கொடுத்தது.

போர் முடிந்ததும் இந்த அமைப்பின் மேல் தேசியத் தலைவர்களுக்கு இருந்த கோபம் வெளிப்பட்டது. 1946இல் மத்திய சட்டசபை அதற்கான மானியத்தை வெட்டியது, கடையைக் கட்டினார்கள். அதில் ஒரு நஷ்டமும் ஒளிந்திருந்தது. 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவு, நாட்டின் வரலாற்றிலேயே பெரிய இரவு, இந்திய அரசிடம் ஒரு செய்திப்படப் பிரிவுகூட இல்லை. அந்த இரவின் காட்சிகள் நமக்குக் கிடைத்தது தனியார் கேமராக்காரர்களாலும் வெளிநாட்டு நியூஸ்ரீல்களாலும்தான்.

போர்க்காலத்தில் எடுத்த செய்திச் சுருள்களோ லண்டன் போய்ச் சேர்ந்தன. இந்தியன் நியூஸ் பரேட் இதழ்களைப் பார்க்க விரும்புகிறவர் இன்று இம்பீரியல் வார் மியூசியத்தைத்தான் தேட வேண்டும். நம் சிப்பாய்களின் முகங்கள் அங்கே இருக்கின்றன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வட ஆற்காட்டிலும் சித்தூரிலும் இருக்கிறார்கள்.

செட்டியாரின் படம் அந்த ஆகஸ்டில்தான் மீண்டும் எழுந்தது. இந்தி விளக்கவுரையோடு ஒரு வடிவம் தயாராகி, சுதந்திரத்துக்கு முந்தைய நாள் டில்லியில் திரையிடப்பட்டது. தமிழில் பிறந்து, தெலுங்கில் பேசி, ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியில் தலைநகரைத் தொட்டது. படத்தின் நாயகர் அப்போது டில்லியில் இல்லை. கலவரத்தை அணைக்கக் கல்கத்தாவில் இருந்தார். ஐந்தரை மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். உயிரோடிருக்கும் ஒரு தலைவரைப் பற்றிய படமாகத் தொடங்கியது, மறைந்தவரின் சாட்சியமாக மாறியது.

1948இல் அரசு பிலிம்ஸ் டிவிஷனைத் தொடங்கியது. போர்க்கால விதி செத்துவிட்டது. அதன் ஆவி புதிய சட்டத்தில் புகுந்தது. செய்திச் சுருள் இல்லாமல் படம் ஓட்டக் கூடாது, அதற்கு வாடகையும் கட்ட வேண்டும். நேரு அணைக்கட்டுத் திறப்பது, பீகாரில் வெள்ளம், கிரிக்கெட் மேட்ச் என்று 'நியூஸ் ரீல்' அடுத்த நாற்பது ஆண்டு நம் எல்லாருடைய மாலை நேரத்திலும் பத்து நிமிடம் பிடித்துக்கொண்டது. சிறை சென்ற அனந்தசயனம் அய்யங்கார் திருப்பதித் தொகுதியிலிருந்தும் பிறகு சித்தூரிலிருந்தும் மக்களவைக்குப் போனார். 1956இல் சபாநாயகர் ஆனார். ஒருகாலத்தில் கேமராவிலிருந்து அரசு மறைக்க நினைத்த மனிதர்கள் இப்போது அரசுக் கேமராவின் நடுவில் நின்றார்கள்.

இடையில் நிலமே மாறியது. 1953இல் ஆந்திரா தனி மாநிலம். சித்தூர் அதோடு போனது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லைத் திருத்தத்தில் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. படப்பெட்டி வந்த ரயில் பாதை அப்படியே இருந்தது. பெட்டி எந்த விநியோக வட்டாரத்தைச் சேர்ந்தது என்பதுதான் மாறியது. தெலுங்கு சினிமாக்காரர்கள் சித்தூரையும் ராயலசீமையையும் இன்றும் 'சீடெட்' என்றே சொல்கிறார்கள். நிஜாம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனுக்கு விட்டுக்கொடுத்த பூமி என்ற பழைய கணக்கு சினிமா வியாபாரத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

காந்தி படம் அந்த ஆண்டுகளில் இன்னும் தொலைவுக்குப் போயிற்று. செட்டியார் அமெரிக்கா சென்று ஆங்கில வடிவத்தை உருவாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் தீர்க்கதரிசி என்று பொருள்படும் தலைப்போடு, பத்திரிகையாளர் குவென்டின் ரெனால்ட்ஸின் விளக்கவுரையில் 1953இல் அது அங்கே வெளியானது. அமெரிக்கப் பார்வையாளருக்கு ஏற்றபடி நீளத்தைக் குறைத்திருந்தார்கள். தமிழன் லட்சம் மைல் அலைந்து சேர்த்த காட்சிகளுக்கு அமெரிக்கக் குரல் கிடைத்தது.

அதன் பிறகு படம் கண்ணிலிருந்து மறைந்தது. அதற்கு எதிரி யாரும் தேவைப்படவில்லை. சின்னக் கம்பெனிப் படத்தின் நெகட்டிவை லேபில் வாடகை கொடுத்து வைக்க வேண்டும். வாடகை நின்றால் டப்பா மூலைக்குப் போகும். பிரதிகள் ஓடி ஓடிக் கிழியும். நைட்ரேட் தூளாகும். தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கப்பட்டது 1964இல். அதற்குள் தென்னிந்தியாவின் மௌனப்படங்கள் ஏறக்குறைய முழுவதுமாக அழிந்துவிட்டன. 1940இன் காந்தி படத்துக்கு அந்தக் கதவு தாமதமாகத் திறந்தது. 1968இல் விட்டல்பாய் ஜாவேரி ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும் காந்தி வரலாற்றுப் படத்தைக் கொண்டுவந்தபோது, இந்த வேலையை ஏறக்குறைய முப்பது ஆண்டுக்கு முன்பே ஒரு தமிழர் தனியாளாகச் செய்தார் என்பது பலருக்கு நினைவில்லை. 'குமரி மலர்' ஆசிரியர் என்றும், 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதியவர் என்றும்தான் செட்டியாரை வாசகர்கள் அறிந்திருந்தார்கள். 1983இல் அவர் காலமானார். தம் இதழில் கடைசிவரை பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் கட்டுரைகளைத் தேடியெடுத்து மறுபதிப்பு செய்துகொண்டே இருந்தவருக்கு, தம் படத்தை அப்படிக் காப்பாற்ற வாய்க்கவில்லை.

தேடல் எழுத்திலிருந்து மீண்டும் தொடங்கியது. செட்டியார் இதழில் எழுதிய தொடரை வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலாக 2003இல் கொண்டுவந்தார். பிறகு படத்தைத் தேடினார். கிடைத்தது எங்கே? அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகத்தில். கிடைத்தது எது? குறுக்கப்பட்ட ஆங்கில வடிவம். 1940இன் தமிழ் வடிவம் முழுமையாக இன்றுவரை பொதுவெளிக்கு வரவில்லை. பட்டம்மாள் பாடிய அந்தப் படத்தை, அது முதலில் பேசிய மொழியில், நாம் பார்க்க முடியாது.

2019இல் புனே காப்பகம் இன்னொரு புதையலை அறிவித்தது. காந்தியைப் பற்றிய முப்பது ரீல், ஏறக்குறைய ஆறு மணி நேரம், வெட்டப்படாத காட்சிகள். பாரமவுண்ட், பாதே, யுனிவர்சல், பிரிட்டிஷ் மூவிடோன், வாடியா மூவிடோன் போன்ற கம்பெனிகள் எடுத்தவை. 1946இல் அவர் மதுரைக்கும் பழனிக்கும் வந்த தென்னகப் பயணம் அதில் இருக்கிறது. 1948இல் அஸ்தியைச் சுமந்து சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் போன தனி ரயிலின் அரை மணி நேரக் காட்சியும் இருக்கிறது. சிதம்பரம், செட்டிநாடு, சிவகங்கை, மானாமதுரை என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஜனம் நிற்கிறது. செட்டியாரின் ஊர்ப்பக்கமே அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

திருமலைக் கோயிலில் இதற்கு நேர்மாறான ஒரு வரலாறு உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அன்னமாச்சாரியரின் கீர்த்தனைகளை அவர் குடும்பத்தார் செப்பேடுகளில் செதுக்கிக் கோயிலுக்குள் சங்கீர்த்தன பண்டாரம் என்ற அறையில் வைத்தார்கள். பல நூற்றாண்டு அவை அங்கேயே கிடந்தன. இருபதாம் நூற்றாண்டில் வெளியே எடுத்தபோது எழுத்துகள் அப்படியே இருந்தன. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற அறிஞர்கள் படித்துப் பதிப்பித்தார்கள். இன்று அந்தப் பாட்டுகள் வீடு வீடாக ஒலிக்கின்றன. செம்புக்கு அசையாமல் இருக்கத் தெரியும். பிலிமுக்குத் தெரியாது. பூட்டி வைத்த பிலிம் பூட்டியபடியே சாகும். 2003 ஜனவரியில் புனேயில் காப்பக அறை ஒன்று தீப்பிடித்தபோது, அரசே பத்திரமாக வைத்திருந்த பழைய நைட்ரேட் ரீல்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நாளில் போயின. பிலிம் பிழைப்பதற்கு ஒரே வழி பிரதி. ஒன்று எரிந்தால் இன்னொன்று எங்காவது இருக்க வேண்டும். காந்தி படம் ஒரு துண்டாவது மிஞ்சியதற்குக் காரணம், அது பல நாடு சுற்றியதுதான். ஊரில் இருந்தவை அழிந்தன. மிகத் தொலைவுக்குப் போனது உயிரோடு இருந்தது.

பிரிட்டிஷ் பாதே நிறுவனம் 2014இல் தன் எண்பத்தைந்தாயிரம் படங்களை யூடியூபில் ஏற்றிவிட்டது. மூவிடோனும் அடுத்த ஆண்டு அதையே செய்தது. இன்று சித்தூரில் ஒரு பள்ளிப் பிள்ளை கைப்பேசியில் 1931இன் லங்காஷயர் காந்தியைப் பார்க்கலாம். அவை ஆங்கிலேயர் எடுத்து, ஆங்கிலேயர் விளக்கவுரை பேசி, அவர்களே பாதுகாத்த படங்கள். நாமே தேடிச் சேர்த்து நம் மொழியில் பேசிய ஒரே பெரிய காந்தி படத்தை நாம் தவறவிட்டோம். இதற்குப் பிரிட்டிஷ்காரனைக் குறை சொல்ல முடியாது. அவன் தடுத்தது ஏழு ஆண்டு. நாம் மறந்தது அரை நூற்றாண்டு.

இன்னும் முழுக்கக் கை நழுவிவிடவில்லை. தமிழ் வடிவமோ தெலுங்கு வடிவமோ ஒரு சில ரீலாவது எங்காவது மிஞ்சியிருக்கக் கூடும். மூடிப்போன தியேட்டரின் ஆபரேட்டர் அறை, பழைய விநியோகஸ்தர் வீட்டுப் பரண், காங்கிரஸ்காரர் குடும்பத்து இரும்புப் பெட்டி என்று இடங்கள் இருக்கின்றன. சித்தூர், திருப்பதி, வேலூர், காரைக்குடிப் பக்கம் இப்படித் துருப்பிடித்த தகர டப்பாக்களை வைத்திருப்பவர்கள் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும். டப்பாவைத் திறந்து பார்க்க அவசரப்படாதீர்கள். புளித்த காடி நாற்றம் வந்தால் அசிடேட் பிலிம் கெடத் தொடங்கியிருக்கிறது. பிசுபிசுப்பும் பழுப்புத் தூளும் தெரிந்தால் அது நைட்ரேட்டாக இருக்கலாம். அடுப்பு, பீடி, வெயில் எதுவும் அருகில் வரக் கூடாது. குளிர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டுப் புனே காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

திராவிட மொழிகளுக்கென்றே குப்பத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. ஓலைச்சுவடியும் செப்பேடும் மட்டும் ஆவணம் அல்ல, படச்சுருளும் ஆவணம்தான். எல்லை மாவட்டங்களின் பழைய கொட்டகைகளையும் அவற்றின் ஆபரேட்டர்களையும் தேடி, படப்பெட்டிகளையும் நினைவுகளையும் பதிவு செய்யும் வேலையை அது எடுத்துக்கொள்ளலாம். தமிழும் தெலுங்கும் தெரிந்த ஆராய்ச்சி மாணவர்கள் அங்கேயே கிடைப்பார்கள். அந்தக் கொட்டகைகளில் பிலிம் ஓட்டியவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்க வேண்டும்.